வெள்ளை தபியும் வெள்ளைக் கையுறையும்: இரு ஜப்பானிய இலக்கிய ஆசிரியர்கள்

1968 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் கவாபாட்டா யாசுனாரி தன் நோபல் உரையை ஜப்பானிய மொழியிலேயே நிகழ்த்தினார். அதை ஆங்கிலமாக்கியவர் எட்வர்ட் சைடன்ஸ்டிக்கர். உரையின் தலைப்பு, 'உத்ஸுகுஷீ நிஹோன் நோ வதாஷி'. உத்ஸுகுஷீ என்றால் அழகிய. நிஹோன், ஜப்பான். வதாஷி, நான். நடுவில் இருக்கும் 'நோ' ஜப்பானிய எழுத்தில் ஒரே ஒரு சுழி. நம் ஆறாம் வேற்றுமை உருபு செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது. தமிழில் அப்படியே வைத்தால் 'அழகிய ஜப்பானின் நான்' என்று வரும். காதுக்குக் கொஞ்சம் புதிதாக இருந்தாலும் பொருள் எட்டிவிடுகிறது: ஜப்பானுக்கு உரிய நான், அதிலிருந்து பிரிக்க முடியாத நான். ஆங்கிலத்தில் இந்தக் கட்டு நிற்காது. சைடன்ஸ்டிக்கர் 'நோ'வை எடுத்துவிட்டு 'உம்' போட்டார். அழகிய ஜப்பானும் நானும். ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தவை பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றுவிட்டன. 1994இல் நோபல் பெற்ற ஓஎ கென்ஸாபுரோ தன் உரைக்கு இதே அச்சில் தலைப்பு வைத்து, கவாபாட்டாவின் அந்த 'நோ'வைப் பற்றியும் பேசினார்.

ஒரு மொழிபெயர்ப்பாளர் இந்த ஒற்றைச் சுழியின் முன்னால் ஏதோ ஒரு முடிவை எடுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போயாக வேண்டும். வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கு அந்த அவசரம் இல்லை. ஒரு மணி நேரம் முழுவதும் அங்கேயே உட்காரலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் 'நவீன ஜப்பானிய இலக்கியம்' என்று ஓர் ஆசிரியப் பணியிடம் எதற்கு என்று யாராவது கேட்டால், நான் இந்த 'நோ'வைத்தான் காட்டுவேன்.

அந்தப் பணியிடத்துக்கு இன்று வரும் விளம்பரங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். முனைவர் பட்டம், இரண்டு மொழியிலும் தாய்மொழிக்கு நிகரான தேர்ச்சி, இளங்கலை மாணவர்களுக்கு மொழிபெயர்ப்பில் ஒரு பரந்த அறிமுக வகுப்பு, முதுகலையினருக்கு மூலநூல் வாசிப்பு, முடிந்தால் சினிமாவும் மங்காவும். கூர்ந்து பார்த்தால் ஒரே ஆளிடம் இரண்டு வேலையைக் கேட்கிறார்கள். ஒரு நூற்றாண்டு இலக்கியத்தை ஒரே பார்வையில் விரித்துக் காட்ட வேண்டும். ஒரு வாக்கியத்தின் முன் அசையாமல் உட்காரவும் தெரிய வேண்டும். அமெரிக்காவில் இந்தப் பணியிடத்துக்கு உருவம் கொடுத்தவர்கள் என்று நான் கருதும் இருவர், இந்த இரண்டு பாதிகளையும் தனித்தனியே வாழ்ந்து காட்டியவர்கள். ஒருவர் டொனால்ட் கீன். இன்னொருவர் சைடன்ஸ்டிக்கர்.

இருவருக்கும் பொதுவானவை ஏராளம். சைடன்ஸ்டிக்கர் 1921இல் கொலராடோ மாநிலத்தின் காஸில் ராக் என்ற சிற்றூரில் பிறந்தார். கீன் அடுத்த ஆண்டு நியூயார்க்கின் புரூக்ளினில். இருவருமே ஜப்பானியத்தைக் கற்றது போர்க்காலத்தில், அமெரிக்கக் கடற்படையின் மொழிப் பள்ளியில். கீன் கலிபோர்னியாவின் பெர்க்லியிலும் சைடன்ஸ்டிக்கர் கொலராடோவின் போல்டரிலும். எதிரியின் மொழி என்பதற்காகக் கற்பிக்கப்பட்ட ஒன்று, இவர்கள் கையில் வாழ்நாள் இலக்கியமாக மாறியது. பிற்காலத்தில் இருவரும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் சகாக்களாகவும் இருந்தார்கள்.

ஆனால் உள்ளே நுழைந்த கதவு வேறு. கீனுக்கு அது 1940இல் டைம்ஸ் சதுக்கத்துப் புத்தகக் கடையில் 49 சென்ட்டுக்கு வாங்கிய 'கெஞ்சி' என்ற பழைய ஜப்பானிய நாவலுக்கு ஆர்தர் வேலி செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு. ஐரோப்பாவில் போர் மூண்டிருந்த நேரம். கத்தியும் ரத்தமும் இல்லாமல் அழகை மட்டுமே பேசிய ஓர் உலகம் அந்த நூலில் கிடைத்தது என்று அவர் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். அடுத்த ஆண்டு கொலம்பியாவில் த்ஸுனோடா ரியுஸாகு என்ற ஆசிரியரின் ஜப்பானியச் சிந்தனை வகுப்பில் சேரப் போனார். சேர்ந்தவர் அவர் ஒருவர் மட்டுமே. ஒருவனுக்காக இவ்வளவு பெரிய மனிதரின் நேரத்தை வீணாக்கக் கூடாதே என்று கீன் விலகிக்கொள்ள முன்வந்தார். ஒரு மாணவர் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டார் த்ஸுனோடா. அந்த ஒருவருக்காகக் கரும்பலகை நிறைய எழுதிவைத்து, மேஜையில் புத்தகங்களை அடுக்கிவைத்துக்கொண்டு பாடம் நடத்தினார். மாணவர் எண்ணிக்கையைக் காட்டித் துறைகளை மூடுகிற இக்காலத்தில் இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

போரில் கீனுக்குக் கிடைத்த வேலை, கைப்பற்றப்பட்ட ஆவணங்களைப் படிப்பது. ஒரு நாள் துர்நாற்றம் வீசும் சின்னச் சின்னக் குறிப்பேடுகள் வந்து சேர்ந்தன. நாற்றம், காய்ந்த ரத்தத்துடையது. இறந்துபோன ஜப்பானியச் சிப்பாய்களின் நாட்குறிப்புகள். சிலவற்றின் கடைசிப் பக்கத்தில், இதைக் கண்டெடுக்கும் அமெரிக்கர் போர் முடிந்ததும் என் வீட்டாரிடம் சேர்த்துவிடவும் என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்கள். கீன் அவற்றை மேஜைக்குள் ஒளித்துவைத்தார், திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடு. சோதனையில் பிடிபட்டுப் பறிபோயின. தான் முதன்முதலில் உண்மையாகவே அறிந்துகொண்ட ஜப்பானியர்கள் அந்த நாட்குறிப்புக்காரர்கள்தான் என்று கீன் சொல்வார். ஒன்பதாம் நூற்றாண்டு தொடங்கிப் பல நூறு ஆண்டு ஜப்பானிய நாட்குறிப்புகளைப் பற்றிப் பின்னாளில் அவர் பெரிய நூல் எழுதியதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

சைடன்ஸ்டிக்கரின் வழியில் இப்படி ஒரு ஒளி இல்லை. கடற்படைக் காலாட்களோடு இவோ ஜிமா தீவுக்குப் போனார். போர் முடிந்தபின் டோக்கியோவில் அரசாங்க வேலை. அது பிடிக்காமல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்கப் போனார். கீன் ஜப்பானை ஒரு நாளும் குறை சொல்ல விரும்பியதில்லை. சைடன்ஸ்டிக்கர் ஜப்பானோடு வாழ்நாள் முழுவதும் சண்டை போட்டார். 1962இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வேலைக்காக அவர் டோக்கியோவை விட்டுக் கிளம்பும்போது, ஜப்பானியரின் குறுகிய மனப்போக்கைக் கடிந்து நாளிதழ்ப் பத்தியில் எழுதிவிட்டே கிளம்பினார். பிறகு மிஷிகன், பிறகு கொலம்பியா. ஆனால் எங்கே வேலை பார்த்தாலும் வருஷத்தில் ஒரு பங்கை டோக்கியோவில் கழிக்காமல் அவரால் இருக்க முடியவில்லை. வீட்டாரைத் திட்டிக்கொண்டே வீட்டை விட்டுப் போகாத மனிதர்கள் நம் தெருவிலும் உண்டு. அவர்கள் பாசத்தைக் குறைத்து எடைபோட்டுவிடக் கூடாது.

1950களில் இந்தப் பாடத்தை நடத்த வேண்டும் என்றால், முதலில் மாணவர் கையில் கொடுக்கப் புத்தகம் வேண்டும். அது பெரும்பாலும் இல்லை. ஆக ஆசிரியரே புத்தகத்தையும் செய்தாக வேண்டிய நிலை. கீன் இதை ஒரு வரைபடம் தயாரிப்பவரைப்போல் அணுகினார். கொலம்பியாவில் பாடம் நடத்தத் தொடங்கிய 1955இல், தொடக்க காலம் முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரைக்குமான தொகை நூல். அடுத்த ஆண்டே நவீன இலக்கியத்துக்கு இன்னொன்று. ஒரு தலைமுறை மாணவர்கள் அந்த இரண்டையும் சுமந்துகொண்டுதான் வகுப்புக்குப் போனார்கள். அந்த நவீனத் தொகையில் ஹிகுச்சி இச்சியோவின் 'தகேகுராபே' கதையை மொழிபெயர்த்துக் கொடுத்தவர் சைடன்ஸ்டிக்கர் என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டடத்தின் திட்டம் ஒருவருடையது. கல் ஒன்றைச் செதுக்கித் தந்தவர் மற்றவர்.

சைடன்ஸ்டிக்கர் கல் கல்லாகவே போனார். 1955இல் தனிஸாகி ஜுனிசிரோவின் 'தாதே கூ முஷி', 1956இல் கவாபாட்டாவின் 'யுகிகுனி', 1957இல் தனிஸாகியின் 'ஸஸமேயுகி'. மூன்றே ஆண்டில் இந்த மூன்றும். தலைப்புகளைப் பார்த்தாலே அவர் வேலை செய்த விதம் தெரிகிறது. தாதே என்பது நாக்கை எரிக்கும் ஒரு செடி. அதையும் தின்னும் புழு உண்டு என்பது ஜப்பானியப் பழமொழி. அவரவர் ருசி அவரவருக்கு என்று பொருள். நமக்கு இது உடனே பிடிபடும்: வேப்பம்புழுவைத் திருமங்கையாழ்வாரே பாடியிருக்கிறார். ஆங்கிலத்தில் புழுவை வைத்தால் அருவருப்பு மட்டும்தான் மிஞ்சும். அவர் புழுவை விட்டுவிட்டு, சிலருக்குக் காஞ்சொறிதான் பிடிக்கும் என்ற பொருளில் தலைப்பு வைத்தார். 'ஸஸமேயுகி' என்றால் பொடிப்பொடியாக உதிரும் பனி. அதற்கு ஆங்கிலத்தில் வழியே இல்லை என்று கண்டு, குடும்பப் பெயரைப் போட்டு மகியோகா சகோதரிகள் என்று ஆக்கினார்.

'யுகிகுனி'யின் முதல் வாக்கியம் இன்றும் வகுப்புகளில் சண்டை மூட்டும் வாக்கியம். மூலத்தில் எழுவாய் கிடையாது. மாகாண எல்லையிலுள்ள நீண்ட சுரங்கப்பாதையைக் கடந்துவிட்ட செய்தியும், பனி நாடு வந்துவிட்ட செய்தியும் மட்டுமே இருக்கின்றன. யார் கடந்தது? சொல்லவில்லை. சைடன்ஸ்டிக்கர் ரயிலை எழுவாயாக நிறுத்தினார்; எல்லையை எடுத்துவிட்டார். அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் படிப்பவர் மலைக்கு மேலிருந்து ரயில் வெளிவருவதைப் பார்க்கிறார். ஜப்பானியத்தில் படிப்பவர் பெட்டிக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். இருட்டு விலகி வெண்மை அவர் முகத்தில் அடிக்கிறது. 'வந்தாச்சு' என்று எழுவாய் இல்லாமல் பேசிப் பழகிய தமிழனுக்கு மூல வாக்கியத்தின் நிலை எளிதில் புரியும். ஆனால் தமிழில் வரும் ஜப்பானிய நாவல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே வருகின்றன. ஆகவே நம் மொழிக்கு இயல்பாகக் கூடியதைக்கூட, ஆங்கிலம் எங்கே இறக்கிவைத்ததோ அங்கிருந்துதான் நாமும் எடுத்துக்கொள்கிறோம். சுரங்கத்துக்குள் விட்டுவிட்டு வந்த அந்த எல்லை நமக்கும் வந்து சேரவில்லை.

கவாபாட்டாவிடம் கேட்டுத் தெளிவு பெறலாமே என்றால், அதுவும் நடந்தது. ஒரு பகுதி விளங்கவில்லையே என்று சைடன்ஸ்டிக்கர் காட்டுவார். கவாபாட்டா அதைக் கவனமாகப் படித்துப் பார்த்து, ஆமாம் என்பார். அதற்கு மேல் ஒரு சொல்லும் வராது. தனிஸாகியிடம் கேட்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் எழவில்லை. அவ்வளவு தெளிவு அவர் எழுத்து. தெளிவான தனிஸாகியையும் மூடிய கவாபாட்டாவையும் ஒரே ஆண்டுகளில் மாறி மாறிச் செய்த கை அது. கவாபாட்டாவின் 'யமா நோ ஓட்டோ'வுக்காக 1971இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது மொழிபெயர்ப்புப் பிரிவில் அவருக்குக் கிடைத்தது.

கீனும் நல்ல மொழிபெயர்ப்பாளர். தஸாய் ஒசாமுவை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர் அவர்: 1956இல் 'ஷாயோ', 1958இல் 'நிங்கென் ஷிக்காகு'. ஆனால் அவர் கை வேறு மாதிரி. 'ஷாயோ'வில் நோயுற்ற தாயைப் பார்க்கக் கிராமத்து மருத்துவர் ஒருவர் பழைய பாணி ஜப்பானிய உடையில், வெள்ளை தபி அணிந்து வருவார். தபி என்பது கட்டைவிரலுக்குத் தனிப் பிளவு வைத்துத் தைத்த காலுறை. வெள்ளை தபி போட்டு வருவது மரியாதையின் அடையாளம். கீன் அதை வெள்ளைக் கையுறையாக மாற்றிவிட்டார். வெறும் வெள்ளைக் காலுறை என்று எழுதினால் அமெரிக்க வாசகருக்கு மரியாதை தெரியாது, விநோதம் மட்டும் தெரியும். கையுறை என்றால் அந்த விறைப்பு, அந்த முறைமை உடனே எட்டும். காலில் இருந்ததைக் கையில் மாட்டிய இந்தத் தீர்ப்பைப் பற்றி ஜப்பானில் நிறையவே விவாதித்திருக்கிறார்கள். அங்கவஸ்திரம் போட்டு வரும் நம் ஊர்ப் பெரியவருக்கு வேற்றுமொழியில் ஒரு டை கட்டிவிடுவதைப்போலத்தான் இது.

இந்த இடத்தில் எனக்கு நிச்சயமான கருத்து உண்டு. கீன் செய்தது தவறு. சைடன்ஸ்டிக்கர் ஒன்றைச் சொல்ல முடியாதபோது விட்டுவிட்டார். கீன் இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். விட்ட இடத்தில் ஆசிரியர் நின்று, இங்கே ஓர் எல்லை இருந்தது என்று சுட்டலாம். கையுறை மாட்டிய இடத்தில் அப்படி ஓர் இடைவெளி இருப்பதே மாணவருக்குத் தெரியாது. ஆனால் கீன் ஏன் அப்படிச் செய்தார் என்பதையும் புரிந்துகொள்கிறேன். போர் முடிந்து பதினோரு ஆண்டுதான் ஆகியிருந்தது. ஜப்பானியன் நம்மைப்போன்ற மனிதன் என்பதை நிறுவுவதே அவருக்கு முதல் வேலையாக இருந்தது. ரத்தக்கறை படிந்த அந்தக் குறிப்பேடுகளைப் படித்தவர், வாசகருக்கும் தஸாயின் மனிதர்களுக்கும் நடுவில் ஒரு காலுறை குறுக்கே வருவதைப் பொறுத்துக்கொள்ளவில்லை.

கீனின் மிகப் பெரிய வேலை மொழிபெயர்ப்பும் அல்ல, இலக்கிய வரலாறு. மெய்ஜி காலம் தொடங்கி நவீன ஜப்பானிய இலக்கியத்தைச் சொல்லும் அவர் நூல் 1984இல் இரண்டு தொகுதிகளாக வந்தது. புனைகதைத் தொகுதி மட்டும் ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். இன்று அந்தப் பணியிடத்தில் அமரும் இளைஞர் யாராக இருந்தாலும் முதல் ஆண்டுப் பாடத்திட்டம் போடும்போது அந்தப் பக்கங்களைப் புரட்டாமல் இருக்க முடியாது. வரலாறு எழுதுபவருக்கு ஒரு கடமை உண்டு: தனக்குப் பிடிக்காதவர்களுக்கும் இடம் கொடுக்க வேண்டும். பாட்டாளி இலக்கிய இயக்கத்தில் கீனுக்குத் தனி ஈடுபாடு இருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் அதற்கு முறையாக ஓர் இயல் ஒதுக்கினார். சைடன்ஸ்டிக்கருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர் தனக்கு வேண்டியவர்களோடு மட்டும் வாழ்ந்தார். நகாய் காஃபுவைப் பற்றி 1965இல் அவர் எழுதிய நூலின் தலைப்பே காஃபுவைக் கிறுக்குபவர் என்கிறது. மாபெரும் எழுத்தாளர் என்று தூக்கிவைக்காமலே ஒருவரை இவ்வளவு நேசிக்க முடியுமா என்று அந்த நூல் என்னை வியக்கவைத்தது. காஃபுவின் பழைய டோக்கியோ மேலிருந்த அந்த நேசம்தான் வளர்ந்து, 1983இலும் 1990இலும் டோக்கியோ நகர வரலாறுகளாக வெளிவந்தது.

இந்த ரசனைக்கு ஒரு விலையும் உண்டு. அந்நாளில் நியூயார்க்கின் நாஃப் பதிப்பகத்தில் ஹரால்ட் ஸ்ட்ராஸ் என்ற பதிப்பாசிரியர் ஜப்பானிய நாவல்களைத் தொடர்ந்து கொண்டுவந்தார். அவர் தேர்ந்தெடுத்தவற்றில் தனிஸாகி, கவாபாட்டா, மிஷிமா மூவரும் மேலோங்கினார்கள். பல தலைமுறைப் பாடத்திட்டங்களும் அந்த மூவரைச் சுற்றியே அமைந்தன. மென்மையான, மங்கலான, மறைந்துகொண்டிருக்கும் ஒரு ஜப்பான் மேற்கத்திய மாணவரின் மனத்தில் பதிந்தது. நண்டு பதனிடும் கப்பலின் தொழிலாளர்களை 1929இலேயே எழுதிய கொபயாஷி தகிஜி, கொரிய வம்சாவளியில் வந்து ஜப்பானிய மொழியில் எழுதியவர்கள், ஒகினாவாக்காரர்கள் எல்லோரும் வகுப்பறைக்கு வெளியே வெகுநாள் காத்திருந்தார்கள். இன்று இந்த வேலைக்கு வருபவர்கள் அவர்களைத்தான் முதலில் உள்ளே அழைக்கிறார்கள். சரியான காரியம்.

இருவரும் மிஷிமா யுகியோவிடமும் வந்து சேர்கிறார்கள். கீன் அவருக்கு நெருங்கிய நண்பர்; 1970 நவம்பரில் மிஷிமா வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறந்தபின் அவருடைய கடைசிக் கடிதங்களில் ஒன்று கீனின் கைக்கு வந்தது. மிஷிமா கடைசியாக எழுதி முடித்த நாவலோ, நான்கு நூல் வரிசையின் நான்காவது, சைடன்ஸ்டிக்கரின் கைக்குப் போய் 1974இல் ஆங்கிலத்தில் வெளியானது.

பிறகு சைடன்ஸ்டிக்கர் ஒரு பெரிய சுற்றுச் சுற்றினார். நவீன இலக்கியத்துக்காரர், பதினோராம் நூற்றாண்டின் கெஞ்சிக்குத் திரும்பினார். கீனை இந்தத் துறைக்கு இழுத்துவந்த அதே நூல். வேலி சில இடங்களை வெட்டியும் சில இடங்களை விரித்தும் ஓர் அத்தியாயத்தை முழுதாக விட்டும் செய்திருந்த அதே நூல். சைடன்ஸ்டிக்கர் ஏறக்குறைய பத்தாண்டு உழைத்து, எதையும் விடாமல், குறுகிய வாக்கியங்களில் 1976இல் முடித்தார். அந்த நாட்களின் குறிப்பையும் மறு ஆண்டு தனி நூலாக வெளியிட்டார். வேலியின் கெஞ்சியால் ஆசிரியரானவர் கீன். வேலியின் கெஞ்சியை மறுத்துப் பேச ஆசிரியப் பணியின் நடுவயதைச் செலவிட்டவர் சைடன்ஸ்டிக்கர்.

கீன் கொலம்பியாவில் கடைசி வகுப்பை எடுத்தது 2011இல், 88 வயதில். அந்த ஆண்டு மார்ச்சில் வடகிழக்கு ஜப்பானை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கின. வெளிநாட்டவர் பலர் ஜப்பானை விட்டுக் கிளம்பிய நேரத்தில், தான் அங்கேயே குடியேறி ஜப்பானியக் குடிமகன் ஆகப்போவதாகக் கீன் அறிவித்தார், 2012இல் ஆனார். 2019 பிப்ரவரியில் டோக்கியோவில் இறந்தார். அவர் கல்லறையில் ஒரு மஞ்சள் நாய் செதுக்கப்பட்டிருக்கிறது: கிஇரோ என்றால் மஞ்சள், இனு என்றால் நாய், சேர்த்துச் சுருக்கினால் கீன்.

சைடன்ஸ்டிக்கர் குடியுரிமை எதுவும் மாற்றவில்லை. ஆனால் 2007 ஏப்ரலில் அவர் நடந்துகொண்டிருந்தது உயெனோவின் ஷினோபாஸு குளத்தருகே. மோரி ஓகாயின் 'கான்' நாவல் நிகழும் அதே சுற்றுப்புறம். அங்கே தவறி விழுந்து தலையில் அடிபட்டு, நினைவு திரும்பாமலே ஆகஸ்டில் இறந்தார்.

அந்த ஆசிரியப் பணி எனக்கே கிடைத்தால் முதல் வகுப்பை எங்கே தொடங்குவேன் என்று யோசித்திருக்கிறேன். கீனும் சைடன்ஸ்டிக்கரும் தனித்தனியே மொழிபெயர்த்த கதை ஒன்று உண்டு: காஃபு 1909இல் எழுதிய 'ஸுமிதாகாவா'. கீன் அதைத் தன் 1956 தொகைக்காகச் செய்தார். காஃபுவை நேரில் பார்க்கவும் போயிருந்தார். அறை அழுக்கும் தூசியுமாக இருந்தது, ஆனால் அந்தக் கிழவர் வாயைத் திறந்ததும் அவ்வளவு அழகான ஜப்பானியத்தைத் தான் கேட்டதே இல்லை என்று கீன் எழுதியிருக்கிறார். ஒன்பது ஆண்டு கழித்துச் சைடன்ஸ்டிக்கர் தன் காஃபு நூலில் அதே கதையை மறுபடியும் செய்தார். இரண்டு மொழிபெயர்ப்புகளையும் நடுவில் மூலத்தையும் மேஜையில் வைப்பேன். மூலத்தின் முதல் வாக்கியத்திலேயே ஹைகாய் கவிதை சொல்லித்தரும் ஓர் ஆசான் வருகிறார். அவருடைய புனைபெயர் வருகிறது. இமாடோ என்ற பகுதி வருகிறது. அங்கே டோகிவாஸு இசை கற்பிக்கும் அவர் தங்கை வருகிறாள். மூதாதையரை நினைக்கும் உரபோன் திருநாளுக்குக்கூட இந்த ஆண்டு அவளைப் போய்ப் பார்க்க முடியாமல் போன குறை வருகிறது. டோகிவாஸு என்றால் என்ன? இமாடோ ஆற்றின் எந்தக் கரை? உரபோனுக்குப் போகாத அண்ணனைத் தங்கை எப்படி எதிர்பார்த்திருப்பாள்? ஒவ்வொன்றுக்கும் இருவரும் என்ன செய்தார்கள் என்று மாணவர்களையே விரல் வைத்துக் காட்டச் சொல்வேன். அன்றைக்கு அந்த ஒரு வாக்கியத்தைத் தாண்ட மாட்டோம். ஒரே ஒரு மாணவர் வந்திருந்தாலும் சரி, கரும்பலகை நிறைய எழுதிவைத்திருப்பேன்.